மனம் வாடுகிறதா? சாப்பாட்டுத் தட்டையும் கொஞ்சம் பாருங்கள்!

"என்னமோ தெரியலைங்கய்யா... எதுலயும் மனசு ஒட்ட மாட்டேங்குது."

"முன்னெல்லாம் வெள்ளனே எந்திரிச்சு வாசத் தெளிச்சு கோலம் போடுவா. இப்ப அவ பாட்டுக்கு சுவத்தையே பாத்துக்கிட்டு உக்காந்திருக்கா."

"நல்லாத்தான் இருக்கேன். ஆனா அழுகை மட்டும் தானா வருது."

டி. கல்லுப்பட்டி பகுதியில் வைத்தியம் பார்க்கிற எனக்கு இந்தப் பேச்சு புதிதல்ல. மூட்டுவலிக்கு வந்தேன், வயிற்று எரிச்சலுக்கு வந்தேன் என்று ஆரம்பிப்பார்கள். நாடியைப் பிடித்துக்கொண்டு நாலு வார்த்தை பேசினால் உள்ளே கிடப்பது வெளியே வரும். அதைக் கேட்டதும் கூட வந்தவர் சொல்வது பெரும்பாலும் ஒன்றுதான்: "எல்லாம் திமிருங்கய்யா. வேலைக்குக் கள்ளம்!"

திமிரும் இல்லை, கள்ளமும் இல்லை. மனச்சோர்வு ஒரு நோய். இது வர நூறு காரணங்கள் உண்டு. பரம்பரை, கடன், துக்கம், குடிகாரக் கணவன், தூக்கமின்மை என்று பட்டியல் நீளும். அதில் பலரும் கவனிக்காத ஒன்று, சாப்பாட்டில் நுண்சத்துக் குறைவு. அதைப் பற்றித்தான் இந்தக் கட்டுரை.

முதலிலேயே ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். 'கீரை தின்றால் மனநோய் ஓடிப்போகும்' என்று நான் எழுதப் போவதில்லை. அப்படி யாராவது சொன்னால் நம்பவும் வேண்டாம். எது உண்மை, எது மிகை என்று பிரித்துப் பார்ப்போம்.

சிட்டிகை அளவு, சீரான மனசு

ஓர் அண்டா சாம்பாருக்கு உப்பு ஒரு கைப்பிடிதான். அது இல்லாவிட்டால் அண்டாவே வீண். நம் உடம்பில் இரும்பு, துத்தநாகம், அயோடின், செம்பு எல்லாம் அந்த உப்பு மாதிரி. அதனால்தான் இவற்றுக்கு நுண்தாதுக்கள் என்று பெயர்.

ஒரு கணக்குப் பாருங்கள். பெரியவர் ஒருவருக்கு ஒரு நாளைக்குத் தேவையான அயோடின் 150 மைக்ரோகிராம். 70 வயது வரை வாழ்கிற மனிதனுக்கு ஆயுசு முழுவதற்கும் சேர்த்தால்கூட 4 கிராம் வராது. ஒரு தேக்கரண்டிக்குள் அடங்கிவிடும்! அந்தத் தேக்கரண்டி கிடைக்காவிட்டால் தைராய்டு தடுமாறும். உடம்பு கனக்கும், புத்தி மந்தமாகும், மனசு சோர்ந்து விழும்.

மூளைக்கும் இவற்றுக்கும் என்ன சம்பந்தம்? மனசை நிதானமாக வைத்திருக்க உதவும் செரட்டோனின், உற்சாகத்தைத் தரும் டோபமின் போன்ற ரசாயனங்களை மூளை தானே தயாரித்துக்கொள்கிறது. கச்சாப்பொருள், நாம் சாப்பிடும் புரதத்தில் உள்ள அமினோ அமிலங்கள். அவற்றைப் பக்குவப்படுத்தும் நொதிகளுக்கு இரும்பு வேண்டும், பி6 வேண்டும். ஃபோலிக் அமிலமும் பி12-ம் பக்கத்தில் நின்று உதவ வேண்டும். துத்தநாகமும் மக்னீசியமும் நரம்புகள் தேவைக்கு மேல் தூண்டப்படாமல் கடிவாளம் பிடிக்கின்றன. அடுப்பு, பாத்திரம், அரிசி எல்லாம் இருந்தும் தீப்பெட்டி இல்லாத வீட்டில் சோறு வேகாதல்லவா? அந்தக் கதைதான்.

கல்லுப்பட்டியில் வாழ்ந்த கணக்காயர்

எங்கள் ஊருக்கு ஒரு பெருமை உண்டு. 1940-ல் கோ. வேங்கடாசலபதி தொடங்கிய காந்தி நிகேதன் ஆசிரமம் இங்கேதான் இருக்கிறது. தஞ்சாவூரில் 1892-ல் பிறந்து, லண்டனில் கணக்காயர் படிப்பும் அமெரிக்காவில் பொருளாதாரமும் படித்த ஜே.சி. குமரப்பா, தம் கடைசிக் காலத்தை இந்த ஆசிரமத்தில்தான் கழித்தார். 1960 ஜனவரி 30-ல், காந்திஜியின் நினைவு நாளிலேயே, காலமானார்.

1934-ல் வார்தாவில் அகில இந்திய கிராமத் தொழில் சங்கம் தொடங்கியபோது அதை நடத்தும் பொறுப்பைக் காந்திஜி இவரிடம்தான் கொடுத்தார். அந்தச் சங்கம் ஊர் ஊராகச் சொன்ன சேதி என்ன தெரியுமா? மில்லில் தீட்டிய அரிசி வேண்டாம், கைக்குத்தல் அரிசி சாப்பிடுங்கள். வெள்ளைச் சீனி வேண்டாம், வெல்லம் போதும். எண்ணெய்க்குச் செக்கு இருக்கிறது. அந்தக் காலத்தில் பலர் இதைப் பழம்பஞ்சாங்கம் என்று சிரித்தார்கள்.

குமரப்பா மனநோயைப் பற்றிப் பேசவில்லை. ஊருக்கு வேலையும் உடம்புக்குச் சத்தும் போகிறதே என்றுதான் கவலைப்பட்டார். ஆனால் அவர் போட்ட கணக்கு சரி என்பதை இன்றைய எண்களே சொல்கின்றன. ஐதராபாத் தேசிய ஊட்டச்சத்து நிறுவனம் 2017-ல் வெளியிட்ட இந்திய உணவு அட்டவணையைப் பாருங்கள். 100 கிராம் தீட்டாத அரிசியில் மக்னீசியம் சுமார் 94 மில்லிகிராம்; தீட்டிய பச்சரிசியில் 19 மில்லிகிராம்தான்! பி1 வைட்டமின் 0.27-லிருந்து 0.05-க்கு இறங்கிவிடுகிறது. இரும்பு 1 மில்லிகிராமிலிருந்து 0.65-க்கும், துத்தநாகம் 1.7-லிருந்து 1.2-க்கும் குறைகின்றன.

அதே அட்டவணையில் கம்பைப் பாருங்கள். 100 கிராமில் இரும்பு 6.4, துத்தநாகம் 2.8, மக்னீசியம் 124 மில்லிகிராம். இந்தக் கம்பும் சோளமும் குதிரைவாலியும் எங்கள் கல்லுப்பட்டி, பேரையூர், சேடபட்டி மானாவாரி நிலத்தில் வானத்தை நம்பி விளைபவை. இப்போது பல காடுகளில் மக்காச்சோளம் நிற்கிறது. அது கோழித் தீவனத்துக்குப் போகிறது. விளைவித்தவர் வீட்டுத் தட்டில் மூன்று வேளையும் வெள்ளைச் சோறு, வெள்ளை இட்லி, வெள்ளை பரோட்டா!

2011 ஜூன் முதல் தமிழ்நாட்டு ரேஷனில் அரிசி இலவசம் ஆனது. அதனால் பசி போனது. அதைக் குறை சொல்ல மாட்டேன். பசி போன பிறகும் சத்துப்பசி இருக்கிறது என்பதுதான் என் கவலை. இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம் 2020-ல் சொன்னபடி, வயது வந்த பெண்ணுக்கு ஒரு நாளைக்கு 29 மில்லிகிராம் இரும்பு வேண்டும். தினம் 400 கிராம் அரிசியைச் சோறாக்கிச் சாப்பிட்டாலும் அதிலிருந்து வருவது 2.6 மில்லிகிராம்தான். மிச்சம் எங்கிருந்து வரும்?

2023-ல் இரும்பு, ஃபோலிக் அமிலம், பி12 சேர்த்த செறிவூட்டிய அரிசி ரேஷனில் வந்தபோது, 'பிளாஸ்டிக் அரிசி' என்று சொல்லி அந்த மணிகளைப் பொறுக்கி எறிந்த வீடுகளும் உண்டு. சத்தைப் பொறுக்கி எறிந்துவிட்டு டானிக் வாங்க மருந்துக்கடைக்குப் போகிறோம்!

சோளம் சொன்ன பாடம்

"அப்போ மூணு வேளையும் சிறுதானியம்தானா டாக்டர்?" என்று கேட்பீர்கள். அவசரப்படாதீர்கள்.

முன்பு தக்காணப் பீடபூமியில், ஐதராபாத்தைச் சுற்றிய பகுதிகளில், சோளத்தையே முழு உணவாகக் கொண்ட ஏழை விவசாயக் கூலிகளுக்கு பெல்லாக்ரா என்ற நோய் வந்தது. வெயில் படும் இடங்களில் தோல் கறுத்து உரியும். வயிற்றுப்போக்கு வரும். கூடவே மனசு வாடும், தூக்கம் போகும், முற்றினால் புத்தி தடுமாறும். நியாசின் என்ற பி வைட்டமின் குறைவதுதான் காரணம். நம் நாட்டு ஊட்டச்சத்து விஞ்ஞானத்தின் முன்னோடி டாக்டர் சி. கோபாலனும் அவருடைய சகாக்களும் 1960-ல் தொடங்கி இதை ஆராய்ந்தார்கள். சோளத்தில் மிகுதியாக உள்ள லியூசின் என்ற அமினோ அமிலம், நியாசின் உண்டாவதைக் கெடுக்கிறது என்பது அவர்கள் சொன்ன விளக்கம். அந்த நோயாளிகளுக்கு நிகோடினிக் அமிலம் கொடுத்ததும் தோல் மட்டுமல்ல, மனசும் தெளிந்தது.

இதில் இரண்டு பாடம் உண்டு. ஒன்று, சாப்பாட்டுக் குறையால் வந்த மனவாட்டம் சாப்பாட்டுச் சத்தாலேயே நீங்கும். மற்றொன்று, எவ்வளவு நல்ல தானியமானாலும் அதையே மட்டும் தின்றால் கேடு. கம்பும் அப்படித்தான். அதிலுள்ள சில பொருட்கள், அயோடின் பற்றாக்குறை உள்ளவர்களுக்குத் தைராய்டைப் பாதிக்கக்கூடும். நம் பாட்டிமார் கூழுக்கு மோரும் சின்ன வெங்காயமும், சோளச்சோற்றுக்குப் பருப்பும் கீரையும், வாரம் ஒரு நாள் கருவாடும் சேர்த்தார்களே, அந்தக் கலப்புதான் மருந்து. 2023-ம் ஆண்டை ஐ.நா. சபை சிறுதானிய ஆண்டாகக் கொண்டாடியது நல்லதுதான். அதைச் சாக்கிட்டு சிறுதானிய பிஸ்கட்டை 'சர்வரோக நிவாரணி' என்று விற்பதுதான் வேடிக்கை.

வயிறு வற்றினால் மனசும் வற்றும்

1944, 45-ம் வருடங்களில் அமெரிக்காவில் மின்னசோட்டா பல்கலைக்கழகத்தில் ஆன்ஸல் கீஸ் என்ற விஞ்ஞானி ஒரு சோதனை நடத்தினார். ஆரோக்கியமான 36 இளைஞர்கள் தாங்களாகவே முன்வந்தார்கள். ஆறு மாதம் அவர்களுக்கு அரை வயிற்றுச் சாப்பாடு. நடந்தது என்ன? உடம்பு இளைத்தது எதிர்பார்த்ததுதான். ஆனால் கலகலப்பாக இருந்தவர்கள் எரிந்து விழுந்தார்கள், ஒதுங்கிப் போனார்கள், சோர்ந்து உட்கார்ந்தார்கள். சதா சாப்பாட்டு நினைப்பு! மனபலம் என்று நாம் பெருமையாகச் சொல்வதில் பாதி சோற்றுபலம் என்று அந்தச் சோதனை காட்டியது.

எடை குறைக்கிறேன் என்று ஒரு வேளை ஓட்ஸ் கஞ்சியோடு நிறுத்தும் கல்லூரிப் பெண்கள் இதைக் கவனிக்க வேண்டும். வாரத்தில் நாலு நாள் விரதம் இருந்துவிட்டு, மிச்ச நாளில் எல்லோரும் சாப்பிட்டது போக மீந்ததைச் சாப்பிடும் தாய்மார்களும் கவனிக்க வேண்டும்.

எந்தச் சத்து குறைந்தால் எப்படித் தெரியும்?

*இரும்பு:* சித்த மருத்துவத்தில் இரத்தக்குறைவைப் 'பாண்டு' என்போம். 2019-21 தேசிய குடும்ப நல ஆய்வின்படி தமிழ்நாட்டில் 15 முதல் 49 வயதுப் பெண்களில் 53 சதவீதம் பேருக்கு இரத்தசோகை. நூற்றில் பாதிக்கு மேல்! மூச்சு வாங்குதல், படபடப்பு, சோர்வு, எரிச்சல், எதிலும் கவனம் நிற்காமை, மண்ணையோ பச்சரிசியையோ தின்னத் தோன்றுதல் ஆகியவை அடையாளங்கள்.

பிள்ளை பெற்ற வீட்டில் இதைக் கட்டாயம் நினைவில் வைக்க வேண்டும். பிரசவத்தில் இரத்தம் போயிருக்கும். பச்சை உடம்புக்காரி என்று கீரை ஆகாது, பழம் ஆகாது, தண்ணீர்கூட அளவோடுதான் என்று பத்தியம் போடுவோம். அந்தப் பெண் அழுதால், "பிள்ளைய மடியில வச்சுக்கிட்டு என்ன அழுகை?" என்று திட்டுவோம். தென்னாப்பிரிக்காவில் நடந்து 2005-ல் வெளியான ஆய்வில், இரும்புக் குறைவுள்ள இளம் தாய்மார்களுக்கு இரும்புச் சத்து கொடுத்தபோது அவர்களுடைய மனச்சோர்வும் குறைந்தது தெரிந்தது. பூண்டுக் குழம்பும் காயமும் கொடுங்கள், வேண்டாம் என்று சொல்லவில்லை. கூடவே கீரை, முட்டை, பழம், தண்ணீர், டாக்டர் கொடுத்த இரும்பு மாத்திரை எல்லாம் கொடுங்கள். அழுகை இரண்டு வாரத்துக்கு மேல் நீண்டாலோ, பிள்ளை மேல் ஒட்டுதல் இல்லாவிட்டாலோ, 'செத்துப்போகலாம்' என்ற பேச்சு வந்தாலோ ஒரு நாள்கூடத் தாமதிக்காமல் மருத்துவமனைக்குப் போங்கள்.

*பி12:* இது தாது அல்ல, வைட்டமின். ஆனால் இதைச் சொல்லாமல் விட முடியாது. கால் மரத்துப்போதல், நாக்கு வழவழப்பாகி எரிதல், மறதி, காரணமில்லாத வாட்டம் எல்லாம் இதன் குறைவால் வரலாம். பால், தயிர், முட்டை, மீன், ஈரலில்தான் இது இருக்கிறது. கீரையிலும் தானியத்திலும் இல்லை. சுத்த சைவர்களும், சுகருக்கு மெட்ஃபார்மின் மாத்திரையை வருடக்கணக்கில் சாப்பிடுகிறவர்களும், நெஞ்செரிச்சல் மாத்திரையை மிட்டாய் போல விழுங்குகிறவர்களும் இரத்தத்தில் இதன் அளவைச் சோதித்துப் பார்ப்பது நல்லது. வயசாகிவிட்டது, மறதி வந்துவிட்டது என்று நாம் ஒதுக்கிய தாத்தாவுக்கு வெறும் பி12 குறைவாக இருக்கலாம்.

*துத்தநாகம்:* நாக்கில் ருசி தெரியாமை, முடி கொட்டுதல், புண் ஆறத் தாமதம் ஆகியவை அறிகுறிகள். மனச்சோர்வு உள்ளவர்களின் இரத்தத்தில் துத்தநாகம் சராசரியாகக் குறைந்திருப்பதைப் பல ஆய்வுகள் காட்டியுள்ளன. ஆனால் மனசு சோர்ந்ததால் சாப்பாடு குறைந்து அது குறைந்ததா, அது குறைந்ததால் மனசு சோர்ந்ததா? இரண்டுக்கும் வாய்ப்பு உண்டு. அதற்காக ஜிங்க் மாத்திரையை மாதக்கணக்கில் தானாக வாங்கிச் சாப்பிடாதீர்கள். அது மிஞ்சினால் செம்புச் சத்து குறைந்து புதிய இரத்தசோகை வரும். எள், பூசணி விதை, கடலை, பயறு, முட்டை, கறி போதும்.

*அயோடின்:* முன்பே சொன்னேன், தைராய்டு. 2006 முதல் நம் நாட்டில் சமையலுக்கு அயோடின் கலக்காத உப்பு விற்கத் தடை உண்டு. ஆனாலும் கல்லுப்புதான் இயற்கை என்று பலர் அயோடின் இல்லாத உப்பைத் தேடிப் போகிறார்கள். உப்புப் பையில் 'அயோடின் கலந்தது' என்ற வரியைப் பார்த்து வாங்குங்கள். மூடி போட்ட டப்பாவில் வையுங்கள். சமையல் முடிகிற நேரத்தில் போடுங்கள்.

*செம்பு:* இது குறைவதைவிட மிகுவது ஆபத்து. வில்சன் நோய் என்று ஒன்று, பரம்பரையாக வருவது. உடம்பில் செம்பு சேர்ந்துகொண்டே போகும். பதின்வயதுப் பையனுக்குத் திடீரென்று படிப்பு கெடும், குணம் மாறும், கை நடுங்கும், பேச்சு குழறும், மஞ்சள் காமாலையும் வரலாம். காத்துக்கருப்பு என்று மந்திரிக்கத் தூக்கிக்கொண்டு ஓடுவார்கள். இது மருந்தால் கட்டுப்படும் நோய். தாமதித்தால்தான் ஈரலும் மூளையும் கெடும்.

லித்தியம்: கத்தி மேல் நடக்கும் உப்பு

மனநோய்க்கு ஒரு தாது நேரடியாக மருந்தானது என்றால் அது லித்தியம்தான். 1949-ல் ஆஸ்திரேலிய மனநல மருத்துவர் ஜான் கேட், அளவு கடந்த ஆரவாரம், தூக்கமின்மை, வெறி என்று தவித்த பத்து நோயாளிகளுக்கு லித்தியம் உப்பைக் கொடுத்து, அவர்கள் தெளிந்ததை எழுதினார். ஒரு சமயம் ஆகாசத்திலும் ஒரு சமயம் பாதாளத்திலும் மனசைத் தூக்கி எறிகிற இருதுருவ நோய்க்கு இன்றைக்கும் அது முதன்மையான மருந்து. தற்கொலை எண்ணத்தையும் அது தணிக்கிறது.

அதே 1949-ல் அமெரிக்காவில் வேறொரு கதை நடந்தது. இருதய நோயாளிகள் சாப்பாட்டு உப்புக்குப் பதிலாக லித்தியம் குளோரைடைத் தூவிக்கொண்டார்கள். சிலர் இறந்தே போனார்கள். ஒரே பொருள், அளவு தெரிந்தவர் கையில் மருந்து, தெரியாதவர் கையில் விஷம். லித்தியம் சாப்பிடுகிறவர்களுக்கு இரத்தத்தில் அதன் அளவு பொதுவாக லிட்டருக்கு 0.6 முதல் 1.0 மில்லிமோலுக்குள் இருக்கும்படி பார்த்துக்கொள்வார்கள். அந்த வரப்பு ரொம்பக் குறுகல்.

இங்கேதான் ஒரு சித்த மருத்துவனாக நான் அழுத்திச் சொல்ல வேண்டிய விஷயம் இருக்கிறது. எங்கள் வைத்தியத்தில் சில பெருமருந்துகளுக்கு உப்பில்லாப் பத்தியம் உண்டு. லித்தியம் சாப்பிடுகிறவர் அந்தப் பத்தியத்தில் இறங்கினால் ஆபத்து! உடம்பில் சாதாரண உப்பு குறைந்தால் சிறுநீரகம் லித்தியத்தை வெளியேற்றாமல் பிடித்து வைத்துக்கொள்ளும். அளவு ஏறி விஷமாகிவிடும். கடும் விரதம், சித்திரை வெயிலில் காட்டு வேலை, பேதி மருந்து, வாந்தி, வயிற்றுப்போக்கு எல்லாமே இதே வேலையைச் செய்யும். நெருஞ்சில், சிறுபீளை போன்ற நீர்பெருக்கி மூலிகைகளையும், சிலவகை பி.பி. மாத்திரைகளையும், மூட்டுவலி மாத்திரைகளையும் டாக்டரிடம் சொல்லாமல் சேர்க்கவே கூடாது.

கை அதிகமாக நடுங்குதல், வாந்தி, பேதி, நடை தள்ளாடுதல், பேச்சுக் குழறல், குழப்பம் வந்தால், 'பித்தம்' என்று இஞ்சிச் சாறு கொடுத்துக்கொண்டிருக்காதீர்கள். உடனே ஆஸ்பத்திரி! நன்றாக இருக்கும்போதும் உப்பையும் தண்ணீரையும் தினம் ஒரே அளவாக வைத்துக்கொள்ளுங்கள். லித்தியம் அளவு, தைராய்டு, சிறுநீரகம் மூன்றையும் டாக்டர் சொல்லும் இடைவெளியில் சோதியுங்கள்.

சித்த மருந்தே எல்லாம் தீர்க்குமா?

சித்தர் நூல்கள் மனநோய்களைக் 'கிரிகை' என்ற பெயரில் 18 வகையாகப் பிரித்துப் பேசுகின்றன. நோயை மனதோடும் உடலோடும் உணவோடும் சேர்த்துப் பார்ப்பது எங்கள் மரபின் பலம். இரத்தக்குறைவுக்கு அன்னபேதிச் செந்தூரமும் கரிசாலையும் காலம் காலமாகப் பயன்பட்டு வருகின்றன. செந்தூரம் என்ன? இரும்புதான்! வல்லாரையும் நீர்ப்பிரமியும் நல்ல மூலிகைகள்.

ஆனால் தாதுக்களைக் கையாளும் மரபுக்குப் பொறுப்பும் அதிகம். பஸ் ஸ்டாண்டு கூடாரத்திலும் லேபிள் இல்லாத டப்பாவிலும் விற்கிற பற்பம், செந்தூரம், 'நரம்பு லேகியம்' எதையும் தொடாதீர்கள். முறையாகச் சுத்தி செய்யாத மருந்தில் ஈயமும் பாதரசமும் இருந்தால், அவையே மனசைக் கெடுக்கும் நஞ்சு. அமுக்கரா தைராய்டைத் தூண்டக்கூடியது. சிலருக்கு ஈரலைப் பாதிப்பதும் உண்டு. இயற்கை என்ற ஒரே காரணத்துக்காக எதுவும் பத்திரம் ஆகிவிடாது. பட்டம் பெற்றுப் பதிவு செய்த மருத்துவரிடம், இப்போது சாப்பிடும் ஆங்கில மருந்துச் சீட்டையும் காட்டி, கேட்டுச் சாப்பிடுங்கள்.

ஆய்வுகள் என்ன சொல்கின்றன?

2017-ல் ஆஸ்திரேலியாவில் மனச்சோர்வு உள்ள 67 பேரை இரண்டு குழுவாகப் பிரித்தார்கள். ஒரு குழுவுக்கு 12 வாரம் காய், பழம், முழுதானியம், பயறு, மீன், கொட்டைகள் என்று உணவு ஆலோசனை. இன்னொரு குழுவுக்கு ஆறுதலான பேச்சுத் துணை. பலரும் முன்பு சாப்பிட்ட மருந்தைத் தொடர்ந்தபடியேதான் சேர்ந்தார்கள். முடிவில் உணவுக் குழுவில் 32 சதவீதம் பேரும், துணைக் குழுவில் 8 சதவீதம் பேரும் நோய் தணிந்தார்கள். சிறிய ஆய்வுதான், ஆனாலும் நம்பிக்கை தருகிறது.

2019-ல் ஐரோப்பாவில் நாலு நாடுகளில் ஆயிரத்துக்கும் அதிகமானவர்களை வைத்து நடந்த பெரிய ஆய்வில், சத்து மாத்திரைகளைத் தினம் கொடுத்துப் பார்த்தார்கள். மனச்சோர்வு வராமல் தடுக்க அவை உதவவில்லை! குறை இருப்பவருக்குக் குறையை நிரப்பினால் பலன் உண்டு. குறையே இல்லாதவர் டப்பா டப்பாவாக விழுங்கினால் கடைக்காரருக்குத்தான் பலன்.

வீட்டில் என்ன செய்யலாம்?

* வாரம் நாலு நாள் காலையில் கம்மங்கூழ் அல்லது கேழ்வரகுக் கூழ். முதல் நாளே கரைத்துப் புளிக்க வையுங்கள். ஊறவைப்பதும் புளிக்க வைப்பதும் முளைகட்டுவதும் தானியத்தில் சத்தைக் கட்டிப் போட்டிருக்கும் ஃபைடேட்டைக் குறைக்கும். சுகர்காரர்கள் கூழாக இல்லாமல் களியாகவோ தோசையாகவோ அளவோடு சாப்பிடலாம்.

* மதியச் சோற்றுக்குக் கைக்குத்தல் அரிசி கிடைத்தால் நல்லது, இல்லாவிட்டால் புழுங்கலரிசி. வாரம் இரண்டு நாள் குதிரைவாலிச் சோறு. முருங்கைக்கீரையும் பருப்பும் தட்டில் இருக்கட்டும். மேலே எலுமிச்சம்பழம் பிழியுங்கள், அல்லது ஒரு நெல்லிக்காய். வைட்டமின் சி சேர்ந்தால் கீரையில் உள்ள இரும்பு உடம்பில் நன்றாக ஒட்டும்.

* சாப்பிட்ட கையோடு டீ, காபி வேண்டாம். ஒரு மணி நேரம் தள்ளிக் குடியுங்கள். இரத்தசோகைக்கு இந்த டீயும் துணை போகிறது.

* சைவர்கள் தினம் தயிர் அல்லது பால். மற்றவர்கள் ஒரு முட்டை, வாரம் இருமுறை மீன். மத்தி (சாளை) போன்ற விலை குறைந்த மீனே போதும்.

* மாலையில் பிஸ்கட் பாக்கெட்டுக்குப் பதில் சுண்டல், எள்ளுருண்டை, கடலை மிட்டாய். மதுரைக்காரர்களுக்குப் பருத்திப்பால் இருக்கவே இருக்கிறது.

* குழம்பு, பொரியலுக்கு இரும்புச்சட்டி எடுங்கள். பரணில் கிடக்கிற பாட்டியின் சட்டிக்கு மறுபடி வேலை கொடுங்கள்.

* மனசு வாடியவரைத் தனியே சாப்பிட விடாதீர்கள். "சாப்பிட்டியா?" என்று கேட்பதைவிட, பக்கத்தில் தட்டுப் போட்டு உட்காருவது மேல்.

எப்போது டாக்டர்?

இரண்டு வாரத்துக்கு மேல் மனவாட்டம், தூக்கமின்மை அல்லது மிதமிஞ்சிய தூக்கம், பசியின்மை, எதிலும் நாட்டமின்மை, 'நான் எதுக்கும் லாயக்கில்லை' என்ற பேச்சு நீடித்தால் டாக்டரைப் பாருங்கள். ஹீமோகுளோபின், ஃபெரிட்டின், பி12, தைராய்டுக்கான டி.எஸ்.எச்., சுகர் ஆகிய இரத்தச் சோதனைகளைச் செய்யலாமா என்று கேளுங்கள். குறை இருந்தால் நிரப்பலாம். சோதனை எல்லாம் சரியாக இருந்தால், 'அப்போ நோயே இல்லை' என்று அர்த்தம் இல்லை. மனச்சோர்வுக்குத் தனி சிகிச்சை உண்டு. அதைக் கொடுக்க மனநல மருத்துவர் இருக்கிறார்.

ஏற்கனவே சாப்பிடும் மனநல மாத்திரையை, கூழ் குடித்ததும் நல்லா இருக்கு என்று நிறுத்திவிடாதீர்கள். அப்படி நிறுத்தியவர்கள் மறுபடி விழுவதை நான் பார்த்துக்கொண்டேதான் இருக்கிறேன். மருந்து ஒரு கால், சாப்பாடு ஒரு கால். இரண்டு காலும் ஊன்றினால்தான் நடை.

சாகலாம் என்ற எண்ணம் வந்தால், அல்லது உங்கள் வீட்டில் யாராவது அப்படிப் பேசினால், தனியே விடாதீர்கள். பூச்சிமருந்து டப்பாவை வீட்டிலிருந்து அப்புறப்படுத்துங்கள். 14416 என்ற டெலிமானஸ் எண்ணுக்கு எந்த நேரமும் கூப்பிடலாம். கட்டணம் கிடையாது, தமிழிலேயே பேசுவார்கள். அந்த எண்ணைக் காலண்டர் அட்டையில் இன்றைக்கே எழுதி வையுங்கள். தேவைப்படாமல் போனால் சந்தோஷம்தானே!